பிறந்த பிள்ளை இறந்ததற்குத் தாய் காரணமா? மூதூரிலிருந்து கேட்ட தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, நீங்கள் கேட்டது ஒற்றை வரிக் கேள்வி: "பிறந்த குழந்தை இறந்துபோவதற்குத் தாயிடம் உள்ள காரணங்கள் எவை?" அதன் கீழே நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களைப் படித்தால் உங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருப்பது வேறு இரண்டு கேள்விகள் என்று தெரிகிறது. தங்கை செய்த ஏதோ ஒன்றால்தான் பிள்ளை போய்விட்டதா? அடுத்த பிள்ளைக்கும் இப்படி நடக்குமா? நான் இந்த இரண்டுக்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன். நீங்கள் எழுதிய ஒற்றை வரிக் கேள்வி தானாகவே அதற்குள் அடங்கிவிடும்.

மற்றவர்களுக்கும் விளங்குவதற்காக நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன். தங்கைக்கு 36 வயது, ஆசிரியை, பிந்தித் திருமணம், முதல் கர்ப்பம். 30 ஆவது வாரத்தில் இரண்டு நாளாகத் தலையிடி. பிரஷர் 170/110 என்று கண்டு வைத்தியசாலையில் சேர்த்திருக்கிறார்கள். தொடையில் இரண்டு ஊசி போட்டு, மறுநாள் அவசரமாக வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்திருக்கிறார்கள். ஆண் குழந்தை, 1.1 கிலோ. மூன்றாம் நாள் இறந்துவிட்டது. அவள் ஏழாம் மாதம் வரை மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கூடம் போனதும், பப்பாசிப்பழம் சாப்பிட்டதும், கிரகணத்தன்று வெளியே நின்றதும்தான் காரணம் என்று மாமியார் வீட்டில் பேச்சு. உங்களுக்கோ அந்த இரண்டு ஊசிகளின் மேல் சந்தேகம். இதற்கிடையில் யாரோ ஒரு உறவினர் தாயின் வயது, இரத்த அழுத்தம், நீரிழிவு, இரத்தச்சோகை, கல்வி, உறவுத் திருமணம் என்று நீண்ட பட்டியல் ஒன்றைத் தங்கைக்கு அனுப்பிவைக்க, அவள் அதைப் படித்துவிட்டு "எல்லாம் என்னில்தான் இருக்கிறது" என்று அழுதிருக்கிறாள்.

நான் வைத்தியர் அல்ல. குடும்பநல உத்தியோகத்தராகப் பயிற்சி பெற்று, இந்தத் திருகோணமலை மாவட்டத்தில் மூதூரிலும் உப்புவெளியிலும் குச்சவெளிப் பக்கமும் பல ஆண்டுகள் கர்ப்பிணித் தாய்மாரையும் பிள்ளை பெற்றவர்களையும் வீடு வீடாகப் பார்த்து ஓய்வு பெற்றவள். தங்கையின் கிளினிக் கொப்பியையோ குழந்தைப் பராமரிப்புப் பிரிவின் குறிப்புகளையோ நான் பார்க்கவில்லை. உங்கள் மருமகன் கடைசியில் எதனால் இறந்தான் என்று இங்கிருந்து நான் சொன்னால் அது பொய்யாகத்தான் இருக்கும். அதை அந்தக் குறிப்புகளை வைத்துக்கொண்டு வைத்திய நிபுணர்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் நீங்கள் தந்த விவரங்களில் இருந்தே உறுதியாகச் சொல்லக்கூடியவை பல இருக்கின்றன.

அந்தப் பட்டியலில் இருந்து தொடங்குவோம். அப்படிப்பட்ட பட்டியல்கள் எப்படி உருவாகின்றன தெரியுமா? ஆயிரக்கணக்கான பிரசவங்களை எடுத்து, பிள்ளையை இழந்த தாய்மாரையும் பிள்ளை பிழைத்த தாய்மாரையும் ஒப்பிடுகிறார்கள். முதல் கூட்டத்தில் எது கூடுதலாகக் காணப்படுகிறதோ அது பட்டியலில் ஏறுகிறது. அது ஒரு கூட்டத்தைப் பற்றிய கணக்கு. தனி ஒரு தாய்க்கு என்ன நடந்தது என்பதை அது சொல்லாது. 35 வயதைத் தாண்டிப் பெறும் தாய்மாரில் மிகப் பெரும்பாலோர் நல்ல பிள்ளையோடுதான் வீட்டுக்குப் போகிறார்கள். கல்வி என்று போட்டிருக்கிறார்களே, ஒரு பெண் எத்தனையாம் வகுப்பு வரை படித்தாள் என்பது கருப்பைக்குள் போய் எதையும் செய்வதில்லை. படிப்புக் குறைந்த இடத்தில் வறுமை இருக்கும், கிளினிக்குக்கு முதலில் வருவது பிந்தும், வைத்தியசாலை தூரமாக இருக்கும், வீட்டில் அவள் பேச்சு எடுபடாது. இவைதான் பிள்ளையைத் தொடுகின்றன. ஆகவே பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் பார்த்து "இது எந்த வழியாகப் பிள்ளையிடம் போய்ச் சேருகிறது?" என்று கேட்டுப் பழக வேண்டும்.

அந்த வழிகள் நிறைய இல்லை. பிறந்து 28 நாள்களுக்குள் இறக்கும் குழந்தைகளை உலக அளவில் எடுத்துப் பார்த்தால், காரணங்களில் பெரும்பகுதி நான்குக்குள் அடங்கிவிடும்: குறைமாதத்தில் பிறப்பது, பிரசவ நேரத்தில் மூச்சு முட்டிப்போவது, கிருமித் தொற்று, பிறவிக் குறைபாடு. 2022 இல் உலகம் முழுவதும் இப்படி ஏறத்தாழ 23 இலட்சம் பச்சிளங்குழந்தைகள் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அவற்றில் முக்கால் பங்கு முதல் ஒரு கிழமைக்குள் நடந்தவை. நம் நாட்டில் இந்த இறப்பு வீதம் ஆயிரத்துக்கு ஒற்றை இலக்கத்தில்தான் இருக்கிறது. ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலையிலேயே நடப்பதும், கிராமம் தோறும் குடும்பநல உத்தியோகத்தர் இருப்பதும் அதற்குப் பெரிய காரணங்கள். பிரசவ அறையில் தடுக்கக்கூடியவை குறைந்துவரும்போது, மிஞ்சி நிற்கும் இறப்புகளில் குறைமாதமும் பிறவிக் குறைபாடுமே முன்னுக்கு வருகின்றன. உங்கள் தங்கையின் கதை குறைமாத வழியில் வருவது. அந்த வழியைத் திறந்துவிட்டது பிரஷர்.

கர்ப்பகாலப் பிரஷரைப் பற்றி நம் ஊரில் பெரிய தவறான எண்ணம் ஒன்று இருக்கிறது. உப்புக் கூடியது, யோசனை கூடியது, ஓய்வு இல்லை, அதனால் ஏறிவிட்டது என்பார்கள். 20 வாரத்துக்குப் பிறகு புதிதாக 140/90 ஐத் தாண்டி ஏறி, சிறுநீரில் புரதமும் இறங்கத் தொடங்குகிற நோய் வேறு வகையானது. அதன் வேர் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. கர்ப்பத்தின் ஆரம்பத்தில், பல பேருக்கு இன்னும் வாந்திகூட நிற்காத காலத்தில், நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரின் இரத்தக் குழாய்களுக்குள் ஆழமாகப் போய் அவற்றை அகலமாக்க வேண்டும். சிலருக்கு அது சரியாக நடப்பதில்லை. குழாய்கள் ஒடுங்கியே இருந்துவிடுகின்றன. மாதங்கள் போகப்போக, வளரும் பிள்ளைக்கு இரத்தம் போதாமல் வருகிறது, நஞ்சுக்கொடியில் இருந்து வெளியேறும் பொருள்கள் தாயின் உடம்பு முழுவதும் உள்ள குழாய்களைக் கெடுக்கின்றன. பிரஷர் ஏறுவது அதன் வெளி அடையாளம். முதல் கர்ப்பம், 35, 40 வயதுக்கு மேல், இரட்டைப் பிள்ளை, முன்பே இருந்த பிரஷர் அல்லது சீனி வருத்தம், சிறுநீரக நோய், உடற்பருமன், தாய்க்கோ அக்காவுக்கோ இந்த நோய் வந்த குடும்பம் என்றால் வாய்ப்புக் கூடும். ஒன்றுமே இல்லாத இருபத்துநான்கு வயதுப் பெண்ணுக்கும் வரும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் களக் கிளினிக்கில் ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்தி, சோதனைக் குழாயைச் சாய்த்துப் பிடித்துச் சிறுநீரின் மேற்பகுதியை மட்டும் கொதிக்க வைப்போம். புரதம் இருந்தால் மேலே பால் கலந்த மாதிரி வெள்ளையாகக் கலங்கும், கீழே தெளிவாகவே இருக்கும். இரண்டு துளி அசற்றிக் அமிலம் விட்டுப் பார்ப்போம். கலங்கல் கரைந்துவிட்டால் வேறு உப்பு, கரையாவிட்டால் புரதம். கலங்கி நின்ற குழாயைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால் அந்தத் தாய் சிரித்துப் பேசிக்கொண்டு வாங்கில் இருப்பாள். உடம்பில் ஒரு நோவும் இருக்காது. இந்த நோயின் கொடுமையே அதுதான். தாய் தானாக உணரக்கூடிய அறிகுறிகள் வரும்போது நோய் முற்றிவிட்டிருக்கும்: விடாத தலையிடி, கண் மங்கல், கண்ணுக்கு முன்னால் பூச்சி பறப்பது, வலது விலாவுக்குக் கீழே நோவு, முகமும் கையும் திடீரென வீங்குவது. தங்கை இரண்டு நாள் தலையிடியைத் தாங்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள் என்பதற்காக அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தலையிடி எல்லாருக்கும் வருகிறது. இது அந்தத் தலையிடி அல்ல என்று அவளுக்கு முன்கூட்டியே யாராவது விளங்கப்படுத்தியிருக்க வேண்டும். அது எங்களைப் போன்றவர்களின் வேலை.

170/110 என்பது வலிப்பும் மூளையில் இரத்தக்கசிவும் வரக்கூடிய அளவு. அந்த நிலையில் நோயை முடிவுக்குக் கொண்டுவர ஒரே வழிதான் இருக்கிறது, நஞ்சுக்கொடியை வெளியே எடுப்பது. மருந்து கொடுத்துப் பிரஷரைக் கட்டுப்படுத்தலாம், மக்னீசியம் சல்பேற்று கொடுத்து வலிப்பைத் தடுக்கலாம், சில நாள்கள் தள்ளிப்போடலாம். சில வேளை அந்தச் சில நாள்களும் கிடைப்பதில்லை. 30 வாரத்தில் எடுத்திருக்கிறார்கள் என்றால், பொறுத்திருந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று கணித்துத்தான் எடுத்திருப்பார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். 30 வாரத்துப் பிள்ளையின் சராசரி நிறை 1.4, 1.5 கிலோ அளவில் இருக்கும். உங்கள் மருமகன் 1.1 கிலோ. பல கிழமைகளாகவே அவனுக்கு நஞ்சுக்கொடி வழியாகப் போதிய அளவு கிடைக்காமல் இருந்திருக்கலாம் என்பதைத்தான் இது காட்டுகிறது. தங்கை எவ்வளவு சாப்பிட்டாள் என்பதால் வந்த குறை அல்ல இது.

அந்த இரண்டு ஊசிகளைப் பற்றி நீங்கள் கேட்டது நல்லது, மனதில் வைத்துக்கொண்டே இருந்திருந்தால் அது வளர்ந்திருக்கும். குறைமாதப் பிரசவம் வரப்போகிறது என்று தெரிந்தால் தாய்க்குப் போடும் ஸ்டீரொயிட் ஊசிகள் அவை என்றுதான் நீங்கள் சொல்லும் விவரத்தில் இருந்து தெரிகிறது. பிள்ளையின் சுவாசப்பைக்குள் இருக்கும் நுண்ணறைகள் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒட்டிக்கொள்ளாமல் வைத்திருக்கும் வழுவழுப்பான பொருள் ஒன்று உண்டு. 34 வாரத்துக்கு முன் அது போதிய அளவு ஊறியிருக்காது. அதனால்தான் குறைமாதப் பிள்ளையின் நெஞ்சு ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுபடும், மூக்குத் துவாரங்கள் விரியும், மூச்சு விடும்போது மெல்லிய முனகல் கேட்கும். ஸ்டீரொயிட் அந்தச் சுரப்பை விரைவுபடுத்துகிறது. நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹவி என்ற இரு வைத்தியர்கள் 1972 இல் இதை முதன்முதலாகத் தாய்மாரிடம் பரிசோதித்து வெளியிட்டார்கள். அதன் பிறகு எத்தனையோ ஆய்வுகள் நடந்துவிட்டன. குறைமாதப் பிள்ளைகளின் உயிரைக் காக்கும் சிகிச்சைகளில் மிக உறுதியாக நிறுவப்பட்டவற்றுள் இது ஒன்று. முழுப் பலன் கிடைக்க ஊசி போட்டு ஏறத்தாழ ஒரு நாள் ஆக வேண்டும். பிள்ளையைக் கொன்றது அந்த ஊசி என்ற எண்ணத்தைத் தயவுசெய்து வீட்டில் இருந்து எடுத்துவிடுங்கள். அடுத்த முறை அதே ஊசி தேவைப்படலாம், அப்போது பயத்தில் மறுத்துவிடக்கூடாது.

இனி மாமியார் வீட்டுக் குற்றச்சாட்டுகள். கிரகணத்துக்கும் பிள்ளையின் இறப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இதில் தயங்கிப் பேச எனக்கு ஒன்றும் இல்லை. பழுத்த பப்பாசி கர்ப்பத்தைக் கெடுக்கும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. பப்பாசிக் காயில் வடியும் பாலை எலிகளின் கருப்பையில் பரிசோதித்தபோது அது சுருங்கியிருக்கிறது, பழச்சாறு அப்படிச் செய்யவில்லை. காயைத் தவிர்க்கச் சொல்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் பழம் சாப்பிட்டதால் ஒருத்திக்குப் பிரஷர் ஏறி நஞ்சுக்கொடி கெட்டது என்பது கட்டுக்கதை. மோட்டார் சைக்கிள் விடயத்தில் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். விழுந்து அடிபடும் ஆபத்துக்காகக் கடைசி மாதங்களில் வேண்டாம் என்று நானும் தாய்மாரிடம் சொல்லியிருக்கிறேன். பல மணி நேரம் நின்று வேலை செய்வது, பாரம் தூக்குவது, இரவு வேலை ஆகியவற்றோடு குறைமாதப் பிரசவம் சிறிதளவு கூடிக் காணப்படுவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. தொடர்பு பலவீனமானது, அதுவே காரணமா என்பது தெளிவில்லை. பிரஷர் நோயை மோட்டார் சைக்கிள் கொண்டுவராது. நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தாலும் அது வராமல் இருந்திருக்காது. படுக்கை ஓய்வு இந்த நோயைத் தடுக்கும் என்று காட்டும் ஆதாரம் இல்லாததால் இப்போது அதைப் பொதுவாகப் பரிந்துரைப்பதும் இல்லை.

மனக்கவலையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பெரிய துயரத்தில் இருந்த தாய்மாருக்குக் குறைமாதப் பிரசவம் கொஞ்சம் கூடுதல் என்று காட்டும் ஆய்வுகள் உண்டு. போரையும் சுனாமியையும் கண்ட இந்த மாவட்டத்தில் அதைப் பற்றி நினைக்காமல் இருக்க முடியாது. ஆனால் அந்தக் காலங்களில் சாப்பாடு, பாதை, கிளினிக், மருந்து எல்லாமே சேர்ந்துதான் கெட்டன. மனக்கவலை மட்டும் எவ்வளவு செய்தது என்று பிரித்தெடுப்பது கடினம். "நீ யோசித்ததால்தான் பிள்ளை போனது" என்று பிள்ளையை இழந்தவளிடம் சொல்வதற்கு எந்த ஆய்வும் இடம் கொடுக்கவில்லை.

பட்டியலில் இருந்த மற்றவற்றை இதைப் படிக்கும் பிற தாய்மாருக்காகச் சொல்லிப் போகிறேன். சீனி வருத்தம் இரண்டு விதமாகப் பாதிக்கும். கர்ப்பத்துக்கு முன்பே இருந்து, கட்டுப்படாமல் இருக்கும்போது கரு உண்டானால், முதல் எட்டு வாரத்துக்குள் இருதயமும் முள்ளந்தண்டும் உருவாகும்போதே குறை விழ வாய்ப்புக் கூடுகிறது. கர்ப்பத்தில் புதிதாக வரும் சீனி அப்படிச் செய்வதில்லை. அது பிள்ளையைப் பெருக்க வைத்துப் பிரசவத்தில் தோள் சிக்க வைக்கும், பிறந்த உடனே பிள்ளையின் சீனியைக் கீழே இறக்கும். இரண்டையும் முன்கூட்டியே கண்டுபிடித்தால் சமாளிக்கலாம். இரத்தச்சோகையில், ஹீமோகுளோபின் 11 க்குக் கீழே கொஞ்சம் இறங்கியிருப்பதும் 7 க்குக் கீழே போவதும் ஒன்றல்ல. கடுமையான சோகைதான் குறைமாதத்தோடும் நிறைகுறைவோடும் வலுவாகத் தொடர்புபட்டது. கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்கினால் பாதிப் பயன் வீணாகும். கல்சியம் மாத்திரையையும் அதோடு சேர்த்துப் போடாமல் வேறு நேரத்தில் போட வேண்டும். எத்தனை முறை சொன்னாலும் தட்டில் இரண்டும் ஒன்றாகவே கிடக்கும்.

தொற்று வழியில் நான் அதிகம் பயப்படுவது மாதம் நிறைவதற்கு முன் பன்னீர்க்குடம் உடைந்து, அதைச் சிறுநீர் என்று நினைத்து வீட்டில் இருந்துவிடுவதற்குத்தான். கால் வழியே நீர் கசிந்தால் இரவு பகல் பார்க்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். காய்ச்சலும் சிறுநீர் எரிவும் அப்படியே. முன்பு பிள்ளைகளைக் கொன்ற சில தொற்றுகள் நம் நாட்டில் தோற்கடிக்கப்பட்டுவிட்டன என்பதையும் சொல்ல வேண்டும். மலேரியா நம் மாவட்டத்தில் தாய்மாரைச் சோகையாக்கி நிறை குறைந்த பிள்ளைகளைப் பெறவைத்த நோய். 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. தாயிடம் இருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்ததற்கான சான்று 2019 இல் கிடைத்தது. ஒவ்வொரு கர்ப்பிணியிடமும் முதல் வருகையிலேயே இரத்தம் எடுப்பதன் பலன் அது.

பிறவிக் குறைபாட்டில் உறவுத் திருமணம் பற்றி நம் ஆட்கள் ஒன்றில் முற்றாக மறுப்பார்கள், அல்லது மிகையாகப் பயப்படுவார்கள். பொதுவாக நூறு பிள்ளைகளில் இரண்டு மூன்று பேருக்குப் பெரிய பிறவிக் குறை இருக்கும். சொந்த மச்சானை முடித்தவர்களில் அது ஏறத்தாழ இரட்டிப்பாகும். கூடுதல் என்பது உண்மை. நூறில் தொண்ணூற்றுநான்கு பிள்ளைகளுக்கு அந்தக் குறை இல்லை என்பதும் உண்மை. தங்கை அந்நியத்தில் முடித்தவர் என்பதால் இது உங்களுக்குப் பொருந்தாது. போலிக் அமில மாத்திரை எல்லாருக்கும் பொருந்தும். கர்ப்பம் தரிக்க முன்பே தினமும் 400 மைக்ரோகிராம் எடுத்தால் முள்ளந்தண்டும் மூளையும் மூடாமல் பிறக்கும் குறை பெருமளவு குறையும். மாதவிலக்குத் தள்ளிப்போய் இரண்டு மாதம் கழித்துத் தொடங்கினால் அந்தப் பயன் கிடைக்காது, மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் குழாய் மூடும் காலம் அதற்குள் கடந்துபோயிருக்கும். புகைத்தல் உறுதியான ஆபத்து, கணவன் வீட்டுக்குள் புகைப்பதும் தாயைத்தான் சேருகிறது. வெற்றிலை பாக்கு மெல்லும் தாய்மாருக்கு நிறை குறைந்த பிள்ளைகள் பிறப்பதாக ஆய்வுகள் இருக்கின்றன. புகைத்தல் அளவுக்கு உறுதியானவை அல்ல. ஆனாலும் விடச் சொல்லித்தான் நான் சொல்வேன்.

எந்தப் பட்டியலிலும் தாயின் பெயரில் எழுதப்படக்கூடாத ஒன்று தூரம். தாய்க்கோ பிள்ளைக்கோ ஆபத்து வரும்போது மூன்று தாமதங்கள் உயிரைக் குடிக்கும் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள்: போக வேண்டும் என்று வீட்டில் முடிவெடுப்பதில், போய்ச் சேருவதில், சேர்ந்த இடத்தில் சிகிச்சை கிடைப்பதில். நம் மாவட்டத்தில் இரண்டாவது தாமதம் என்ன செய்யும் என்பதை மூதூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொட்டியாரக் குடாவை லோஞ்சில் கடந்து நகரத்துக்குப் போன காலம் இருந்தது. தரையால் வந்தால் கிண்ணியாவில் ஆட்களையும் வாகனங்களையும் நீரைக் கடத்திவிடும் 'பாதை' என்ற மிதவைக்காகக் காத்து நிற்க வேண்டும். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு பிரசவ நோவோடு ஒரு தாய் துறையில் காத்திருக்கும் நிலை மாறியது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் சேவையும் இப்போது இருக்கிறது. அப்படியிருந்தும் வெருகல், ஈச்சிலம்பற்று, புல்மோட்டைப் பக்கத்துத் தாய்க்கும் உப்புவெளித் தாய்க்கும் ஒரே ஆபத்து வந்தால், கையில் இருக்கும் நேரம் ஒன்றல்ல. 1.1 கிலோப் பிள்ளைக்கு வெப்பமும் மூச்சுக்கான காற்றும் தரக்கூடிய பிரிவு உள்ள இடத்தில் அவன் பிறப்பதா, பிறந்த பிறகு அங்கே கொண்டுபோவதா என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. குறைமாதப் பிள்ளையைக் கொண்டுபோகச் சிறந்த இடம் தாயின் வயிறுதான்.

அடுத்த பிள்ளையைப் பற்றி. இந்த நோய் வந்த தாய்மாரை மொத்தமாக எடுத்தால் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு அடுத்த கர்ப்பத்தில் திரும்பவும் வருகிறது. 34 வாரத்துக்கு முன்பே பிரசவம் பார்க்க வேண்டி வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்குத் திரும்பவும் வரலாம். தங்கை இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவள், அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் மூன்றில் இரண்டு பேருக்கு வருவதில்லை. வருபவர்களிலும் பலருக்கு முதல் முறையைவிடப் பிந்திய வாரங்களில்தான் வருகிறது, பிந்தி வந்தால் பிள்ளைக்கு மூச்சும் நிறையும் இருக்கும். அவள் போன்றவர்களுக்கு 12 ஆவது வாரம் தொடங்கிக் குறைந்த அளவு அஸ்பிரின் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது, அளவு 75 முதல் 150 மில்லிகிராம் வரை. 16 வாரத்துக்கு முன் தொடங்கினால்தான் பலன் நன்றாக இருக்கும். கல்சியம் குறைவாக உண்ணும் நம்மைப் போன்றவர்களுக்குக் கல்சியமும் உதவுகிறது. இவை நோயை முற்றாகத் தடுப்பவை அல்ல, வாய்ப்பைக் குறைப்பவை. அஸ்பிரினைக் கடையில் வாங்கித் தானாகத் தொடங்க விடாதீர்கள், வைத்தியர் பார்த்துத் தரட்டும்.

கர்ப்பத்துக்கு முன்பே செய்ய வேண்டிய சில காரியங்கள் உண்டு, பல வீடுகளில் தவறிப்போவது இதுதான். வைத்தியசாலையில் தந்த டயக்னோசிஸ் கார்டையும் கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு மகப்பேற்று வைத்திய நிபுணரிடம் ஒருமுறை போங்கள். பிள்ளை எதனால் இறந்தது, அடுத்ததற்கு என்ன திட்டம் என்று நேராகக் கேளுங்கள். கேட்பது உரிமை, கேட்டால் கோபிப்பார்கள் என்று பின்னால் நிற்க வேண்டாம். இரத்தம் தேவையில்லாமல் உறையும் தன்மை இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை தங்கைக்குத் தேவையா என்றும் கேளுங்கள். 34 வாரத்துக்கு முன் இந்த நோயால் பிரசவம் ஆனவர்களில் சிலருக்கு அது இருக்கும், குறைந்தது 12 வார இடைவெளியில் இரண்டு முறை பார்த்துத்தான் உறுதி செய்வார்கள், சிகிச்சையும் உண்டு. பிரஷர் இன்னும் இறங்காமல் மருந்து எடுத்துக்கொண்டிருந்தால் அந்த மருந்தின் பெயரைக் காட்டுங்கள். எனலாபிரில், லொசார்டான் போன்றவை கர்ப்பத்தில் பிள்ளையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், முன்பே மாற்றிக்கொள்ள வேண்டும். பிரஷர் இறங்கிவிட்டிருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்கச் சொல்லுங்கள், இந்த நோய் வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் இரத்த அழுத்தமும் இருதய நோயும் வரும் வாய்ப்புக் கூடுதல்.

எவ்வளவு காலம் பொறுப்பது என்பதில் ஒரே பதில் கிடையாது. பிள்ளை உயிரோடு பிறந்த பிறகு அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது 24 மாதம் விடும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வயிற்றைக் கீறிய காயமும் ஆற வேண்டும். மறுபக்கம் 36 வயதில் இரண்டு ஆண்டு காத்திருப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது. வயதோடு பிரஷரும் சீனியும் கருச்சிதைவும் கூடிக்கொண்டு போகும். இந்த இரண்டையும் நிறுத்துப் பார்த்து ஒரு காலத்தைச் சொல்வது அவளைப் பரிசோதித்த வைத்தியரின் வேலை. அவள் மனம் அதற்கு ஆயத்தமா என்பதை அவள் மட்டும்தான் சொல்ல வேண்டும். மாமியார் வீட்டில் யாரும் நாள் குறிக்க வேண்டாம், நீங்களும் குறிக்க வேண்டாம்.

மாதவிலக்குத் தள்ளிப்போனதும் எட்டு வாரத்துக்குள் உங்கள் பிரிவுக் குடும்பநல உத்தியோகத்தரிடம் பதிந்து, முதல் பிள்ளை இறந்த விவரத்தை முதல் நாளே சொல்லச் சொல்லுங்கள். அதைச் சொல்லத் தயங்கி "இது முதல் பிள்ளை" என்று பதிந்த தாய்மாரை நான் கண்டிருக்கிறேன். பிரஷர் பார்க்கும் தவணைகளை மற்றவர்களைவிட நெருக்கமாக வைப்பார்கள், பிள்ளையின் வளர்ச்சியை ஸ்கான் எடுத்துப் பார்ப்பார்கள். வீட்டிலும் ஒரு பிரஷர் கருவி வாங்கி வைத்தால் நல்லது, மணிக்கட்டில் கட்டும் வகையை வாங்காமல் புயத்தில் கட்டும் வகையை வாங்குங்கள். 160/110 ஐத் தொட்டால், அல்லது அந்தத் தலையிடி திரும்பி வந்தால், யாரிடமும் அபிப்பிராயம் கேட்காமல் 1990 க்கு அழைத்து, குழந்தைப் பராமரிப்புப் பிரிவு உள்ள வைத்தியசாலைக்கே கொண்டுபோகும்படி சொல்லுங்கள். நகரத்தில் உறவினர் வீடு இருந்தால் 28 வாரத்தில் இருந்து அங்கேயே தங்கவைக்க முடியுமா என்று இப்போதே பேசி வையுங்கள்.